செஷன் பிட்டர்: கசப்பு என்று எழுதினால் போதுமா?

இங்கிலாந்தில் ஏதாவது ஒரு பப்பில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் 'பிட்டர்' என்ற சொல் நாலு தடவையாவது காதில் விழும். தமிழில் எழுதும்போது பலரும் இதைக் 'கசப்பு பீர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அகராதியைப் பார்த்தால் அது தப்பில்லைதான். ஆனால் வேப்பங்கொழுந்து, நிலவேம்புக் கஷாயம் என்று நினைத்துக்கொண்டு குவளையைத் தூக்குகிறவருக்கு முதல் மிடறில் கிடைப்பது பிஸ்கட் வாசமும் லேசான இனிப்பும். அப்படியானால் அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

பழைய ஆங்கிலத்திலேயே இருக்கும் சொல் பிட்டர். கடிப்பதைச் சொல்லும் 'பைட்' என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவு, அதாவது நாக்கைக் கடிக்கிற சுவை. இது ஒரு பீரின் பெயரானது 19ஆம் நூற்றாண்டில். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம், இந்தப் பெயரை வைத்தது பீர் ஆலைக்காரர்கள் இல்லை, குடித்தவர்கள் என்பது. ஆலையின் கணக்குப் புத்தகத்தில் அதற்குப் பெயர் 'பேல் ஏல்', வெளிறிய நிறத்து ஏல் (ஏல் என்பது பீரில் ஒரு வகை). கடைக்கு வந்தவர் முன்னால் இன்னொரு பீரும் இருந்தது, அது 'மைல்டு'. அந்தக் காலத்தில் மைல்டு என்றால் வலிமை குறைந்தது என்று அர்த்தமில்லை, நாள்பட வைக்காமல் புதுசாகவே விற்கப்படுவது என்று அர்த்தம். அதில் இனிப்பு கொஞ்சம் முன்னால் நிற்கும். அதன் பக்கத்தில் ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைத் தூக்கலாகப் போட்ட பேல் ஏலைக் கேட்கிறவர் 'பிட்டர் கொடு' என்று கேட்டார். நம் காபிக்கடையில் 'லைட்டா ஒண்ணு, ஸ்ட்ராங்கா ஒண்ணு' என்று சொல்கிறோமே, அதே வகைப் பேச்சு. ஆகவே பிட்டர் என்பது ஒப்பிட்டுச் சொன்ன பெயர். மைல்டைவிடக் கசப்பு, அவ்வளவுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மொழிபெயர்ப்புச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

கசப்பைத் தருவது ஹாப்ஸ். கொடியில் காய்க்கும் சின்னக் கூம்பு மாதிரியான பெண்பூ. பார்லி முளையை ஊறவைத்து எடுத்த இனிப்புச் சாற்றில் இதைப் போட்டுக் கொதிக்கவிட்டால் பூவின் பிசினில் இருக்கும் அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன. கொதியின் தொடக்கத்தில் போட்டால் கசப்பு, கடைசியில் போட்டால் வாசம். இங்கிலாந்தில் இதற்குப் பேர்போனவை கென்ட் பகுதியின் கோல்டிங்ஸும், அப்புறம் ஃபகிள் என்ற ரகமும். இன்றைய அமெரிக்க ஹாப்ஸ் மாதிரி மாம்பழ வாசமெல்லாம் இவற்றில் வராது. ஈர மண், காய்ந்த புல், ஆரஞ்சுத் தோல், இந்தப் பக்கம்தான் இவை.

தண்ணீருக்கும் இதில் பெரிய பங்குண்டு. பர்ட்டன் அப்பான் டிரென்ட் என்ற ஊரின் கிணற்று நீரில் ஜிப்சம் அதிகம். அந்த நீரில் செய்தால் ஹாப்ஸின் கசப்பு குழையாமல் தெளிவாக நிற்கிறது. 1820களில் இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏலும், பின்னாளில் உள்ளூரில் பிட்டர் என்று கேட்டு வாங்கப்பட்டதும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். மற்ற ஊர்களின் ஆலைகள் இன்றும் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலப்பது பர்ட்டன் நீரை எட்டிப்பிடிக்கத்தான்.

சரி, 'செஷன்' எங்கே வந்தது? இதற்கு மூலம் லத்தீன். உட்காருதல் என்ற பொருளுள்ள 'செதெரே'யிலிருந்து 'செஸ்ஸியோ', அதிலிருந்து செஷன். தமிழில் இதற்கு நாம் வைத்திருக்கும் சொல் 'அமர்வு', அதுவும் உட்காருதலிலிருந்தே பிறந்தது! செஷன்ஸ் கோர்ட்டை அமர்வு நீதிமன்றம் என்று சொல்லிப் பழகிவிட்டதால் இந்தச் சொல்லின் அடியில் ஒரு நாற்காலி கிடப்பது நமக்கு மறந்துபோயிருக்கிறது. பப்பில் செஷன் என்றால் நண்பர்கள் கூடி உட்கார்ந்து, பேசிக்கொண்டே இரண்டு மூன்று பைன்ட், அதாவது பெரிய குவளை, குடித்து எழுந்து போகும் அந்த ஒரு பொழுது. அப்படி உட்கார்ந்தாலும் தலை சுற்றக் கூடாது, பேச்சு குழறக் கூடாது. அதற்குத் தோதான பீர் செஷன் பியர்.

இதன் பிறப்பைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். முதல் உலகப் போரின்போது, 1915க்குப் பிறகு, பப் திறந்திருக்கும் நேரத்தை நண்பகலில் ஒரு பகுதி, மாலையில் ஒரு பகுதி என்று அரசு வெட்டியது. அந்த இரண்டு பகுதிகளே இரண்டு செஷன், அதனால் செஷன் பியர் என்று. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 'செஷன் பியர்' என்ற தொடர் அச்சில் பரவலானது 1980கள் வாக்கில்தான் என்பதால் இதை நான் நம்புவதில்லை. ஒன்று மட்டும் உண்மை. அந்தப் போரில் தானியத் தட்டுப்பாடும் வரியும் சேர்ந்து பீரின் வலிமையைக் கீழே இழுத்தன, அது மறுபடி பழைய இடத்துக்கு ஏறவே இல்லை. பிற்பகலில் பப்பை மூடிவைக்கும் ஏற்பாடும் 1988 வரை ஓடியது. ஆக, சொல் பிறகு வந்திருக்கலாம், பொருள் முன்பே இருந்தது. பொதுவாக ஆல்கஹால் 4 சதவீதத்தைத் தாண்டாததை செஷன் பிட்டர் என்கிறார்கள். 2023 ஆகஸ்டில் 3.5 சதவீதத்துக்குக் கீழே இருப்பதற்கு வரியைக் குறைத்த பிறகு, பல ஆலைகள் தங்கள் பீரை 3.4க்கு இறக்கிக்கொண்டன.

இப்போது சுவை. லூயிஸ் என்ற சசெக்ஸ் ஊரில், ஊஸ் ஆற்றங்கரையில் ஹார்விஸ் ஆலை இருக்கிறது, 1790இல் தொடங்கியது. அவர்களுடைய சசெக்ஸ் பெஸ்ட் சரியாக 4 சதவீதம், அதாவது செஷனின் விளிம்பு. நான் பிட்டரைப் புரிந்துகொண்டது அதில்தான். கைப்பம்பை இரண்டு மூன்று தடவை இழுத்து, 568 மில்லி பிடிக்கும் பைன்ட் குவளையை நிரப்பித் தந்தார்கள். செம்புப் பாத்திரத்தைப் புளிபோட்டுத் தேய்த்தால் வருகிற நிறம். குவளை ஜில்லென்று இருக்காது. நிலவறையின் குளிர்ச்சி, 12 டிகிரி வாக்கில். முதல் மிடறில் வறுத்த பார்லியின் இனிப்பு, டாஃபி மாதிரி. நடுவில் மார்மலேட் மாதிரி ஏதோ ஒன்று வந்து போகிறது. கசப்பு விழுங்கிய பிறகுதான் வருகிறது, நாக்கின் பின்பக்கத்தில், அதுவும் சத்தமில்லாமல். வந்தது சீக்கிரம் போவதில்லை. உதடு லேசாக வறள்கிறது, கை தானாகக் குவளைக்குப் போகிறது. குடிக்கக் குடிக்கக் கண்ணாடியில் நுரை ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டே இறங்கியது. கடைசியில் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது வளையம்.

இந்த இடத்தில் இன்னும் இரண்டு சொல்லைப் பார்த்துவிட வேண்டும். ஆங்கிலத்தில் இந்தப் பின்சுவையை 'டிரை' என்பார்கள். அதை 'உலர்ந்த பீர்' என்று தமிழில் எழுதியிருப்பதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. டிரை என்றால் இங்கே இனிப்பு மிஞ்சாதது, நாவை இழுப்பது. அறுசுவையில் நாம் தனியாகவே எண்ணி வைத்திருக்கும் துவர்ப்பு இதற்குப் பக்கத்தில் வருகிறது, 'துவர்ந்து முடிகிறது' என்று எழுதலாம். இன்னொன்று 'கண்டிஷனிங்'. நல்ல பிட்டர் ஆலையில் முடிந்துவிடுவதில்லை. பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, பப்பின் நிலவறையில் அது நொதித்து முடித்து, தெளிந்து, மென்மையான நுரையைப் பிடிக்கிறது. திறந்துவிட்டால் மூன்று நாளில் தீர்க்க வேண்டும். 'பதப்படுத்தல்' என்று எழுதினால் இந்த உயிர்ப்பு போய்விடும். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் செய்யும் இடத்தில் 'வழைச்சு அற விளைந்த' என்று வருகிறது, பச்சை வாடை போய் முதிர்ந்த என்று கொள்ளலாம். விளைதல்! இதைவிடப் பொருத்தமான சொல் நமக்கு வேண்டுமா? 'பீப்பாயில் விளைந்த பிட்டர்' என்று எழுதிப் பாருங்கள், தானாகப் பொருந்துகிறது.

பீருக்கே பழைய சொல் ஒன்று உண்டு, தோப்பி. நெல்லிலிருந்து வீட்டில் சமைத்த கள் என்று உரைகாரர்கள் சொல்வது. பனங்கள்ளைப் போலல்லாமல் தானியத்திலிருந்து வருவதால் பீருக்கு உறவு நெருக்கம்தான், ஆனாலும் இன்றைய வாசகர் பீர், பியர் என்றே அறிவார். அதை மாற்றச் சொல்லி நான் கேட்கமாட்டேன்.

பிட்டருக்கு எது சரி? கசப்பு என்ற சொல்லில் இப்போது வருத்தமும் மனத்தாங்கலும் ஏறிவிட்டன. கசப்பான அனுபவம், உறவு கசந்தது என்றுதான் அதை அதிகம் எழுதுகிறோம். 'இளங்கசப்பு' என்று ஒரு நண்பர் சொன்னார், இளஞ்சூடு மாதிரி. அழகான சொல், ஆனால் பப்பில் பிட்டருக்கு எதிர்ச்சொல்லே மைல்டு என்பதால் 'இளம்' அங்கே வந்தால் இரண்டும் குழம்பும். என் தேர்வு கைப்பு. அறுசுவைப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் பெயர், சுவையை மட்டும் சொல்லும், மனக்குறையைச் சொல்லாது. அதனால் செஷன் பிட்டர் 'அமர்வுக் கைப்பு'. முதல் தடவை இரண்டையும் சேர்த்து எழுதிவிட்டு அப்புறம் ஏதாவது ஒன்றையே வைத்துக்கொள்ளலாம். காக்டெயிலில் சொட்டுச் சொட்டாக விடும் 'பிட்டர்ஸ்' வேறு பொருள், மூலிகைச் சாறு, அதற்கு இந்தச் சொல்லைப் போட்டுவிடாதீர்கள்.

நேரில் போய்க் கேட்கும்போது 'செஷன்' என்று சொல்ல வேண்டியதில்லை. 'எ பைன்ட் ஆஃப் பிட்டர்' போதும். 'பெஸ்ட்' என்றால் அதே ஆலையின் சற்று வலிமை கூடிய வகை, லண்டனில் சில இடங்களில் வலிமை குறைந்ததை 'ஆர்டினரி' என்றே கேட்பார்கள்.