கேள்வி: டெண்டருக்கு நம்மிடம் உள்ள சொல்

கொழும்பில் அச்சாகும் தமிழ் நாளிதழ்களின் உட்பக்கங்களில், அரச இலச்சினையுடன் கட்டம் கட்டி வரும் அறிவித்தல்களைப் பாருங்கள். கேள்வி, விலைமனு, பெறுகை என்று மூன்று சொற்கள் மாறி மாறி வரும். பேச்சில் எல்லோருக்கும் அது டெண்டர்தான். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளி என்று எழுதுவார்கள்.

இவற்றில் பெறுகையைத் தனியே வைக்க வேண்டும். அரசு பொருளோ வேலையோ சேவையோ பெறும் முழு நடைமுறையும் அது. டெண்டர் அதில் ஒரு படி.

டெண்டர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அடியில் இருப்பது 'நீட்டு' என்று பொருள்படும் இலத்தீன் வினை. 'இந்த விலைக்குச் செய்து தருகிறேன்' என்று ஒருவர் நீட்டும் தாள் அது. நம் சொல் வேறு இடத்திலிருந்து பிறந்தது. ஏலத்தில் ஒருவர் விலை சொன்னால், "ஆயிரத்துக்குக் கேட்டார்" என்போம். ஏலம் என்ற சொல்லே போர்த்துக்கேயர் விட்டுப்போனது. ஒப்பந்த வேலையைக் குறிக்கும் கொந்தராத்தும் ஐரோப்பியர் வழி வந்ததே. கேட்டல் மட்டும் நம்முடையது. வேலை வேண்டுபவரும் கேட்கிறார், விலை என்ன என்று அரசும் கேட்கிறது. இரண்டையும் ஒரே சொல் தாங்குவதால் எனக்குக் கேள்வியே பிடிக்கும். விலைமனு என்றால் விலை மட்டும்தான் கண்ணில் படுகிறது. தகுதியும் அனுபவமும் எங்கே?

கேள்வி திறக்கும் அறையில் ஒருமுறை உட்கார்ந்திருக்கிறேன். பூட்டிய பெட்டி, ஒட்டி முத்திரையிட்ட உறைகள். நேரம் முடிந்ததும் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு உறையாகப் பிரித்து, பெயரையும் தொகையையும் எல்லோர் முன்னிலையிலும் உரத்து வாசித்தார்கள். வாசித்த தொகையை எதிரில் இருந்தவர்கள் தங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அந்த வாசிப்புத்தான் கேள்வியின் உயிர்.

வெளிநாட்டு நிறுவனங்கள் நம் துறைமுகத்துக்கும் மின்சாரத்துக்கும் போட்டியிடலாமா என்று இங்கே ஓயாமல் விவாதிக்கிறோம். போட்டியிடட்டும் என்பதே என் நிலைப்பாடு. ஆனால் நம் பெருந்திட்டங்கள் பலவற்றில் போட்டி எங்கே நடந்தது? கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்துக்கு 2019இல் இந்தியாவுடனும் ஜப்பானுடனும் உடன்பாடு கண்டு, 2021 பெப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு மேற்கு முனையம் அதானி குழுமம் பெரும்பங்கு வைத்திருக்கும் கூட்டு முயற்சிக்கு 35 ஆண்டுகளுக்குப் போனது. இரண்டும் திறந்த கேள்வி இல்லாமல் முடிவானவை. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டமும் கேள்வி இல்லாமலே அதானிக்குப் போனது. ஓர் அலகு மின்சாரத்துக்கு 8.26 அமெரிக்க சதம் அதிகமா குறைவா என்று சண்டை பிடித்தோம். பக்கத்தில் வைத்துப் பார்க்க அதே இடத்துக்கான இன்னொரு உறை இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கே வேலையில்லை. 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது.

கடனோடு வரும் வேலைகளிலும் இதே கதைதான். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்குச் சீன எக்ஸிம் வங்கி கடன் கொடுத்தது, சீன நிறுவனங்கள் கட்டின. கொழும்பு இலகு ரயிலுக்கு ஜப்பான் தர முன்வந்த சலுகைக் கடனும் முதன்மை ஒப்பந்தக்காரர் ஜப்பானியராக இருக்க வேண்டும் என்ற வகையைச் சேர்ந்தது. 2020இல் அந்தத் திட்டத்தை இரத்துச் செய்தார்கள். இப்படிப்பட்ட வேலைகளில் நம் ஊர்க் கட்டுமானக்காரருக்குக் கிடைப்பது பெரும்பாலும் உப கொந்தராத்துத்தான். அவர் போட்டியில் தோற்கவில்லை. அவரிடம் யாரும் கேட்கவேயில்லை.

அரசு அழைக்காமல் ஒரு நிறுவனம் தானாகக் கொண்டுவரும் திட்டத்தை அரச ஆவணங்கள் 'கோரப்படாத முன்மொழிவு' என்கின்றன. நான் மொழிபெயர்க்கும் இடங்களில் 'கேள்வியில்லா முன்மொழிவு' என்று எழுதி வருகிறேன். எது நடக்கவில்லை என்பது பெயரிலேயே இருக்கட்டும்.