நான்கு பேருக்காக முப்பது டன்: தனி ஜெட் விமானத்தின் எரிபொருள் கணக்கு

2008 நவம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் ஆகிய மூன்று கார் நிறுவனங்களின் தலைவர்களும் டெட்ராய்டிலிருந்து வாஷிங்டனுக்குப் பறந்தார்கள். நிறுவனங்கள் மூழ்கும் நிலையில் இருந்தன. அரசிடம் 25 பில்லியன் டாலர் கடன் கேட்கத்தான் அந்தப் பயணம். ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்கு, ஒரே வேலைக்காக, மூன்று பேரும் மூன்று தனி ஜெட்களில் வந்திருந்தது தெரிந்ததும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொதித்துப் போனார்கள். டிசம்பரில் மறுபடியும் போக வேண்டி வந்தபோது தலைவர்கள் ஹைபிரிட் கார்களில் சாலை வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள்.

அன்று எழுந்த கோபம் பணத்தைப் பற்றியது. ஆனால் அந்த மாதிரிப் பயணத்தில் இன்னொரு செலவும் இருக்கிறது. அது பயணம் செய்தவரின் கணக்கிலோ நிறுவனத்தின் கணக்கிலோ வராமல் எல்லோருக்கும் பொதுவான காற்றில் போய்ச் சேருகிறது. அதைக் கணக்கிடுவது அவ்வளவு கடினமும் இல்லை.

விமான எரிபொருள் என்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய்தான். அதில் ஒரு கிலோ எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவரும். எரித்ததைவிட வெளியே வருவது எப்படி அதிகமாக இருக்கும்? எரிபொருளில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களை எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. கூடுதல் எடை அந்த ஆக்சிஜனுடையது. எரிபொருளில் இருக்கும் ஹைட்ரஜனால் கூடவே 1.2 கிலோ அளவுக்கு நீராவியும் உண்டாகிறது. எவ்வளவு நல்ல எஞ்சினைப் பொருத்தினாலும் இந்த 3.16 மாறாது. எரிக்கும் அளவைத்தான் குறைக்க முடியும்.

பெரிய நிறுவனத் தலைவர்களிடையே பெயர் பெற்ற கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி650 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொட்டிகளில் 20 டன் எரிபொருள் பிடிக்கும். அதை வைத்து ஏறத்தாழ 12,900 கிலோமீட்டர் பறக்கலாம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்றால் அது பதினான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். தரையிறங்கும்போது கையிருப்பாக வைத்திருக்க வேண்டிய எரிபொருளைக் கழித்துவிட்டால், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1.3 டன் எரிகிறது. அதாவது மணிக்கு நான்கு டன்னுக்கு மேல் கரியமில வாயு. உலகில் ஒரு மனிதர் சராசரியாக ஓர் ஆண்டு முழுவதும் வெளியிடுவது ஐந்து டன்னுக்கும் சற்றுக் குறைவு.

இப்போது ஏர்பஸ் ஏ320 போன்ற சாதாரணப் பயணிகள் விமானம். அது மணிக்கு ஏறத்தாழ இரண்டரை டன் எரிக்கிறது, ஜி650-ஐப் போல இரு மடங்கு. ஆனால் அதில் 150 பேர் இருப்பார்கள். ஒருவருக்கு 17 கிலோ. ஜி650-இல் நான்கு பேர் போகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு 325 கிலோ. கிட்டத்தட்ட இருபது மடங்கு. சிறிய ஜெட்களையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் குறையும். டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் என்ற ஐரோப்பிய அமைப்பு 2021-இல் கணக்கிட்டபோது, பயணிகள் விமானத்தைவிடத் தனி ஜெட் ஆளுக்கு 5 முதல் 14 மடங்கு வரை அதிகம் மாசுபடுத்துவதாகவும் ரயிலோடு ஒப்பிட்டால் 50 மடங்கு என்றும் சொன்னது.

இவ்வளவு பெரிய இடைவெளிக்கு என்ன காரணம்? எஞ்சின் பழையது என்றோ, விமானத்தைச் சரியாக வடிவமைக்கவில்லை என்றோ நினைத்துவிட வேண்டாம். இவை பொறியியலில் மிக நேர்த்தியான இயந்திரங்கள். முதன்மையான காரணம் எடை.

ஜி650-இன் வெற்று எடையே 24 டன்னுக்கு மேல். குறுகிய பயணம் ஒன்றுக்கு ஐந்து டன் எரிபொருள் ஏற்றினால் மொத்தம் முப்பது டன் ஆகிவிடும். அதில் நான்கு பேரும் அவர்கள் பெட்டிகளும் சேர்ந்து 400 கிலோ இருந்தால் அதிகம். எரிபொருளில் நூற்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் மனிதர்களைச் சுமக்கிறது. மீதியெல்லாம் விமானம் தன்னையும் தன் எரிபொருளையும் சுமப்பதற்கே போகிறது. நிரம்பிய ஏ320-இல் கிளம்பும் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பயணிகள்தான். நான்கு பேர் ஊருக்குப் போக ஐம்பது பேர் உட்காரும் பேருந்தை வாடகைக்கு எடுத்து, அதையும் மலைப்பாதையில் ஓட்டுவது போன்றது இது.

மலைப்பாதை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. முப்பது டன் எடையை 12 கிலோமீட்டர் உயரத்துக்குத் தூக்கி, மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர மட்டும் நான்கரை பில்லியன் ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு கிலோ எரிபொருளில் 43 மில்லியன் ஜூல் இருக்கிறது, அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் விமானத்தை நகர்த்தப் பயன்படுகிறது என்று வைத்தால் 350 கிலோ எரிபொருள் அதற்கே செலவாகும். பத்து மணி நேரப் பயணத்தில் இந்தச் செலவு பரவிப்போய்விடும். இறங்கும்போது மிதந்து வருவதால் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கவும் செய்யும். ஆனால் அரை மணி நேரப் பயணத்தில் ஏறி முடிப்பதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அதனால் கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் குறுகிய தூரத்துக்குப் பறப்பதுதான் மிக வீணானது.

எஞ்சினிலும் ஒரு சங்கதி இருக்கிறது. ஜெட் எஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றில் ஒரு பகுதி மட்டுமே நெருப்பு எரியும் மையத்துக்குப் போகும். மீதியை முன்னாலுள்ள விசிறி வெளிவழியாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவது, கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளுவதைவிடச் சிக்கனம். புதிய ஏ320-இல் வரும் லீப் எஞ்சினில் மையத்துக்குள் போகும் காற்றைப் போல 11 மடங்கு வெளிவழியாகப் போகிறது. ஜி650-இன் எஞ்சினில் இது நான்கு மடங்குக்குச் சற்று மேல். உடல் சிறிய, வேகம் கூடிய விமானத்தில் பெரிய விசிறியைப் பொருத்துவது கடினம். போதாக்குறைக்கு, ஜி650 போன்ற பெரிய தனி ஜெட்கள் பயணிகள் விமானங்களைவிட வேகமாகப் பறக்கின்றன. ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக ஏறும். மிச்சமாகும் சில நிமிடங்களுக்கு எரிபொருளில் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அப்புறம், காலியாகப் பறப்பது. தலைவரை ஓர் ஊரில் இறக்கிவிட்ட விமானம் அங்கேயே காத்திருப்பதில்லை. நிறுத்த இடம் இருக்காது, அல்லது அடுத்தவரை ஏற்ற வேறு ஊருக்குப் போக வேண்டியிருக்கும். ஐரோப்பாவில் தனி ஜெட் பறப்புகளில் பத்தில் நான்கு வரை பயணிகளே இல்லாமல் நடக்கின்றன. ஆள் ஏறிய பயணத்தின் கணக்கோடு இதையும் சேர்த்தால்தான் உண்மையான எண் வரும்.

சரி, உலகம் முழுவதும் மொத்தம் எவ்வளவு? இதைக் கண்டுபிடித்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. பறக்கும் விமானம் தான் இருக்கும் இடம், உயரம், வேகம் எல்லாவற்றையும் நொடிக்கு நொடி ரேடியோவில் அறிவித்துக்கொண்டே போகிறது. ஏடிஎஸ்-பி என்று இதைச் சொல்வார்கள். மோதலைத் தவிர்க்க வந்த ஏற்பாடு இது. மறையாக்கம் எதுவும் இல்லை என்பதால், மலிவான ரிசீவர் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். இப்படி ஆர்வலர்கள் திரட்டிய தரவை ஸ்டெஃபான் கோஸ்லிங் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் எடுத்துக்கொண்டார்கள். 2019 முதல் 2023 வரை 25,993 தனி விமானங்களின் 1.87 கோடிப் பறப்புகள். ஒவ்வொன்றும் எத்தனை நேரம் பறந்தது, அந்த மாடல் மணிக்கு எவ்வளவு எரிக்கும் என்று பெருக்கிக் கூட்டினார்கள்.

2023-இல் மட்டும் குறைந்தது 1.56 கோடி டன் கரியமில வாயு. ஒரு பறப்புக்குச் சராசரி 3.6 டன். மொத்த அளவில் நான்கே ஆண்டுகளில் 46 சதவீத உயர்வு. விமானங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அமெரிக்காவில் பதிவானவை. பறப்புகளில் கிட்டத்தட்டப் பாதி 500 கிலோமீட்டருக்கும் குறைவானவை, அதாவது மேலே சொன்ன மிக வீணான வகை. 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துக்கு மட்டும் 1,846 தனி ஜெட் பறப்புகள் நடந்திருக்கின்றன.

இந்த 1.56 கோடி டன், பயணிகள் விமானத் துறை வெளியிடுவதில் சுமார் 1.8 சதவீதம். ‘இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பேச்சு’ என்று விமானத் துறையினர் கேட்பது இந்த எண்ணை வைத்துத்தான். ஆனால் இதை வெளியிடுவது யார் என்று பாருங்கள். உலகில் வயது வந்தவர்களில் ஒரு லட்சத்துக்கு மூன்று பேர். எண் சிறியதாகத் தெரிவது ஆட்கள் குறைவு என்பதால் மட்டுமே. ஒரே ஆண்டில் 2,400 டன் வரை வெளியிட்ட தனிநபர்களும் அந்த ஆய்வில் இருக்கிறார்கள்.

இதுவரை பேசியது கரியமில வாயுவைப் பற்றி மட்டும். மேலே நடப்பது அதோடு முடிவதில்லை. எஞ்சினிலிருந்து வரும் நீராவி, கடுங்குளிரில் கரித்துகள்களைச் சுற்றி உறைந்து பனிப்படிகங்களாகிறது. விமானத்தின் பின்னால் நீளும் வெள்ளைக் கோடு அதுதான். காற்றில் ஈரம் குறைவென்றால் சில நிமிடங்களில் மறைந்துவிடும். ஈரம் மிகுந்த குளிர்ந்த அடுக்காக இருந்தால் மணிக்கணக்கில் பரந்து மெல்லிய மேகமாகி, பூமியிலிருந்து வெளியேற வேண்டிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்தும். உலக விமானப் போக்குவரத்து 2018 வரை உண்டாக்கிய வெப்பமூட்டலில் மூன்றில் இரண்டு பங்கு, இது போன்ற கரியமில வாயு அல்லாத விளைவுகளால் வந்தது என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். தனி ஜெட்கள் 15 கிலோமீட்டர் உயரம் வரைகூடப் போகும். நடு அட்சரேகைகளில் அங்கே மழை மேகங்கள் கிடையாது, காற்று வறண்டது. வெள்ளைக் கோடுகள் அங்கே நிலைப்பது குறைவு. ஆனால் அங்கே விடப்படும் நீராவியைக் கழுவி இறக்க மழையும் இல்லை. நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயுதான். 1.56 கோடி டன் கணக்கில் இவை எதுவும் சேரவில்லை.

நிறுவனங்கள் ஏன் இதற்குச் செலவழிக்கின்றன? பாதுகாப்பு, நேரம் என்ற இரண்டு காரணங்களைச் சொல்வார்கள். 2017-இல் ஆப்பிள் நிறுவனம் தன் தலைவர் டிம் குக், அலுவலகப் பயணமோ சொந்தப் பயணமோ எல்லாவற்றுக்கும் தனி விமானத்தையே பயன்படுத்த வேண்டும் என்று விதித்தது. 2024-இல் ஸ்டார்பக்ஸுக்குப் புதிய தலைவராக வந்த பிரையன் நிக்கோலுக்கு, கலிஃபோர்னியாவில் வீட்டை வைத்துக்கொண்டு 1,600 கிலோமீட்டருக்கு அப்பால் சியாட்டிலில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு நிறுவன விமானத்தில் வந்துபோகலாம் என்று பணி ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தார்கள். விமானச் சேவையே இல்லாத ஊரில் இருக்கும் ஆலைக்குப் போவதையோ உயிர் காக்க உறுப்பைக் கொண்டுபோவதையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டிலிருந்து அலுவலகம் போய்வருவது அந்த வகையில் சேராது. கொலை மிரட்டல் உள்ள ஒருவருக்குப் பாதுகாப்பு தேவைதான், 200 கிலோமீட்டருக்கு அதைக் காரில் கொடுக்கலாம்.

வரிச் சட்டமும் வாங்கச் சொல்லித் தூண்டுகிறது. அமெரிக்காவில் தொழிலுக்கென்று வாங்கும் விமானத்தின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்று 2017-இல் சட்டம் வந்தது. இடையில் படிப்படியாகக் குறைந்த அந்தச் சலுகையை 2025-இல் மறுபடி முழுதாகக் கொண்டுவந்துவிட்டார்கள். மாசுக்கு விலை வைக்கும் திட்டங்களோ, யார் கட்ட வேண்டும் என்ற வரம்பை, விமானத்தை இயக்குபவர் வெளியிடும் மொத்த அளவை வைத்து நிர்ணயிக்கின்றன. வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிமம் காட்ட வேண்டிய ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்பன் சந்தையில், சொந்த உபயோகத்துக்கு விமானம் வைத்திருப்பவர் ஆண்டுக்கு 1,000 டன்னுக்குக் கீழே வெளியிட்டால் விலக்கு. பன்னாட்டு விமானங்களுக்கான கோர்சியா திட்டத்தில் 10,000 டன் வரை விலக்கு. 1,000 டன் என்றால் ஜி650-இல் 240 மணி நேரம். ஐரோப்பாவுக்குள் மட்டும் அவ்வளவு நேரம் பறக்கும் தனி முதலாளி அரிது. ஒரே ஒரு ஜெட் வைத்திருப்பவர் இயல்பாகவே வலையிலிருந்து நழுவிவிடுகிறார். ஆளுக்கு மிக அதிகமாக வெளியிடுபவர் விலக்கு பெறுகிறார், நிரம்பிய விமானத்தில் போகிறவரின் டிக்கெட்டில் கார்பன் விலை ஏறுகிறது. இது எனக்குச் சற்றும் ஏற்கத்தக்கதாகத் தெரியவில்லை.

பழைய சமையல் எண்ணெயிலிருந்தும் கழிவுகளிலிருந்தும் தயாரிக்கும் மாற்று எரிபொருள் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதை எரித்தாலும் குழாயிலிருந்து அதே கரியமில வாயுதான் வரும். அந்தக் கார்பன் அண்மையில் செடிகள் காற்றிலிருந்து எடுத்தது என்பதால் மொத்தக் கணக்கில் 80 சதவீதம் வரை குறையலாம். கரித்துகளும் குறையும். ஆனால் 2024-இல் உலகம் எரித்த விமான எரிபொருளில் அது 0.3 சதவீதம்தான். கிடைப்பதே அவ்வளவு என்றிருக்கும்போது, ஒரு லிட்டரில் அதிகம் பேரைச் சுமக்கும் விமானத்துக்கு அதைக் கொடுப்பதே நியாயம்.

விலைக்கு வாங்க வசதி உள்ளவர்கள் மீது விலையைப் போடுவதில் சிக்கலே இல்லை. வரம்பை இயக்குபவருக்கு வைக்காமல் பயணிக்கு வைக்க வேண்டும். ஆளுக்கு எவ்வளவு எரிந்தது என்பதைக் கொண்டு கட்டணம் விதித்தால் ஏ320-இல் இருப்பவர் மணிக்கு 17 கிலோவுக்குக் கட்டுவார், ஜி650-இல் இருப்பவர் 325 கிலோவுக்குக் கட்டுவார். காலியாகப் பறந்த விமானத்தின் முழு எரிபொருளும் அதை வரவழைத்தவர் பெயரில் எழுதப்படும். இதற்குத் தேவையான தரவு வானில் ஏற்கனவே ஒலிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. அது யாருடைய விமானம் என்ற பதிவு விவரத்தைப் பொதுமக்களிடமிருந்து மறைக்கச் சொல்லி உரிமையாளர்கள் கேட்கலாம் என்று அமெரிக்கா 2024 மே மாதம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் மாறும்வரை கணக்கெடுக்கும் வேலை அரசுகளுடையது. பதிவேடு அவர்களிடம் இருக்கிறது.