"என் ஸ்கேல்" யாரோட ஸ்கேல்? மேஜை மேல ஒரு ரயில் ஓடுற கதை

பொம்மை ரயில் டப்பாவைப் பிரிக்கும்போதே மக கேட்ட முதல் கேள்வி, "அப்பா, என் ஸ்கேல் என் ஸ்கேல்னு சொல்றீங்களே, யாரோட ஸ்கேல்? உங்களோடதா, என்னோடதா?" சிரிச்சு முடிக்க ரெண்டு நிமிஷம் ஆச்சு. ஸ்கேல்னா ரயிலை எத்தனை பங்கா சுருக்கியிருக்காங்கங்கிற அளவு, என் (N) இங்கிலீஷ் எழுத்தும்மா, நைன்ங்கிற வார்த்தையோட முதல் எழுத்து, ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 9 மில்லிமீட்டர் இருக்கிறதால அந்தப் பேருன்னு சொன்னேன். நம்பல. ஸ்கூல் பையிலேர்ந்து ரூலரை எடுத்து வச்சு அளந்து பாத்துட்டுத்தான் தலையாட்டுனா.

சிங்கப்பூர்ல எங்க நாலு அறை எச்டிபி (அரசு அடுக்குமாடி) வீட்டு ஹால்ல சோஃபா போக மிச்சம் இருக்கிறது ஒரு மடக்கு மேஜை போடுற இடம்தான், அதனால எங்களுக்கு என் ஸ்கேல்தான் கட்டுப்படியாச்சு. எச்ஓன்னு இன்னொரு அளவு இருக்கு, நிஜ ரயில்ல 87-ல ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர், பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா அதுக்கு வட்டம் போட்டா நாங்க நின்னுக்கிட்டே சாப்பிடணும். என் ஸ்கேல்ல 150-ல ஒரு பங்கு (ஜப்பான்ல சாதாரண ரயிலுக்கு), இல்லன்னா 160-ல ஒரு பங்கு. வேலை முடிஞ்சா கழட்டி கட்டிலுக்கு அடியில தள்ளிடலாம்.

ரூலர் கையில இருந்ததால பேச்சு அப்படியே கணக்குக்குப் போச்சு. நம்ம எம்ஆர்டி (சிங்கப்பூர் மெட்ரோ) தண்டவாளம் 1435 மில்லிமீட்டர். 160-ஆல வகுத்தா கிட்டத்தட்ட சரியா 9 வருது. ஆனா நாங்க வாங்குனது ஜப்பான் உள்ளூர் ரயில், அங்க சாதாரண ரயிலுக்குப் பெரும்பாலும் 1067 மில்லிமீட்டர் பாதைதான், 150-ஆல வகுத்தா 7.1 தான் வரணும். இருந்தும் அதே 9-லதான் ஓடுது. "அப்ப இது பொய் ரயிலா?" "கொஞ்சமே கொஞ்சம் பொய்." எல்லா ரயிலும் ஒரே தண்டவாளத்துல ஓடணும்னு கம்பெனிக்காரங்க செஞ்ச சமரசம் அது. தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்கு 2011 ஜூன் 30 வரைக்கும் வந்துபோன மலாயா ரயில் இன்னும் ஒடுக்கம், 1000 மில்லிமீட்டர், அவ தாத்தா சின்ன வயசுல சென்னை பீச்லேர்ந்து தாம்பரம் போன மீட்டர் கேஜ் மின்சார ரயிலும் அதே அளவுதான். இதைச் சொன்னதும் தாத்தாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசுனா, நான் கோப்பி குடிச்சு முடிச்சேன்.

சரி, ஓடுறது எப்படி? இங்கதான் விஷயமே இருக்கு. பொம்மைக்குள்ள பேட்டரி இல்ல. கரண்ட் தண்டவாளத்து வழியாதான் வருது, ரெண்டு தண்டவாளமும் உண்மையில ரெண்டு ஒயரு, அவ்வளவுதான். ஒண்ணு பிளஸ், இன்னொண்ணு மைனஸ். கன்ட்ரோலர் வீட்டு 230 வோல்ட்டை இறக்கி, அதிகபட்சம் 12 வோல்ட் டிசியா (ஒரே திசையில ஓடுற கரண்டா) மாத்தி அந்த ரெண்டு ஒயர்லயும் விடுது. இந்தப் பக்கச் சக்கரம் ஒரு தண்டவாளத்துலேர்ந்து கரண்டை எடுக்கும், அது மோட்டாருக்குள்ள போய் அந்தப் பக்கச் சக்கரம் வழியா திரும்பி வந்துடும். லிவரைப் பின்பக்கம் தள்ளுனா பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தும், ரயில் பின்னாடி போகும். சிம் லிம் டவர்ல வாங்குன, வோல்ட் அளக்குற மலிவு மல்டிமீட்டரோட ரெண்டு முனையைத் தண்டவாளத்துல வச்சுப் பாத்தோம், 8 காட்டுச்சு, லிவரைத் திருப்புனதும் அதே 8 முன்னாடி ஒரு சின்னக் கோடு வந்து உக்காந்துச்சு. மைனஸ் எண்ணுன்னா என்னன்னு நான் அதுக்கு முன்னாடி மூணு தடவை பாடம் எடுத்திருக்கேன், அந்தக் கோடு ஒரு செகண்ட்ல முடிச்சிடுச்சு.

இதுல ஒரு சந்தேகம் வரணும், அவளுக்கு வந்துச்சு. ரெண்டு சக்கரத்தையும் சேக்குற அச்சு இரும்புதானே, அப்ப பிளஸ்ஸும் மைனஸும் அச்சு வழியாவே ஒட்டிக்காதா? ஒரு பெட்டியைக் கவுத்துப் போட்டுப் பாத்தோம். சக்கரம் பளபளன்னு உலோகம், ஆனா நடுவுல கறுப்பா பிளாஸ்டிக், கரண்ட் இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் தாண்ட முடியாது. நிஜ ரயில்ல இப்படிக் கிடையாது, சக்கரமும் அச்சும் ஒரே எஃகுத் துண்டு மாதிரி இறுகிக் கிடக்கும். ஈசூன், காத்திப் மாதிரி மேல் பாலத்து ஸ்டேஷன்ல எட்டிப் பாத்தீங்கன்னா ரெண்டு தண்டவாளத்துக்கு வெளியில மூடி போட்ட மூணாவது தண்டவாளம் ஒண்ணு ஓடும், அதுலதான் 750 வோல்ட் டிசி வருது, போன கரண்ட் சக்கரம் வழியா, ரயில் ஓடுற தண்டவாளத்துல இறங்கித் திரும்பிடும். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் வழியா போற வடகிழக்குத் தடத்துல மூணாவது தண்டவாளமே இல்ல, தலைக்கு மேல கம்பியில 1500 வோல்ட். அது தெரிஞ்சதுலேர்ந்து ஸ்டேஷனுக்குப் போனா மக ரயிலைப் பாக்கிறதில்ல, கரண்ட் எங்கேர்ந்து வருதுன்னுதான் பாக்குறா, நான் ரெண்டு ரயிலை விட்டிருக்கேன்.

அடுத்து வேகம். எட்டு வளைவுத் துண்டைச் சேத்தா ஒரு முழு வட்டம், எங்க துண்டோட ஆரம் 315 மில்லிமீட்டர், அப்ப ஒரு சுத்து 198 சென்டிமீட்டர். லிவரை முழுசா தள்ளிவிட்டு போன்ல ஸ்டாப்வாட்ச் போட்டோம். 10 சுத்துக்கு 41 செகண்ட். அதாவது செகண்டுக்கு 48 சென்டிமீட்டர், 150-ஆல பெருக்குனா நிஜத்துல மணிக்கு 260 கிலோமீட்டர்! உள்ளூர் ரயிலு, புல்லட் ரயிலு ரேஞ்சுல போய்க்கிட்டிருக்கு. எம்ஆர்டியோட 80 கிலோமீட்டர் வேகத்துல ஓட்டணும்னா அதே 10 சுத்துக்கு 2 நிமிஷம் 14 செகண்ட் ஆகணும். ஓட்டிப் பாருங்க, ஆமை மாதிரி தெரியும். ஆனா கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பாத்தா, அப்பத்தான் அது ரயிலு, மத்த நேரம் பொம்மை.

அந்த மெதுவான வேகம்தான் கஷ்டம். வோல்ட்டைச் சும்மா குறைச்சா மோட்டார் முனகும், நகராது, திடீர்னு குதிச்சு ஓடும், ஏன்னா நின்ன இடத்துலேர்ந்து கிளம்ப வேண்டிய உராய்வு ஓடும்போது இருக்கிறதைவிட ஜாஸ்தி. அதனால நிறைய கன்ட்ரோலர்ல வோல்ட்டைக் குறைக்காம, முழு வோல்ட்டையே துண்டு துண்டா நறுக்கி விடுவாங்க, ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு செகண்டுக்கு ஏகப்பட்ட தடவை. ஊஞ்சலைச் சின்னச் சின்னதா தள்ளிவிடுற மாதிரி. மெதுவா போகணுமா, ஆன் நேரம் குறைவு, வேகமா போகணுமா, ஆன் நேரம் ஜாஸ்தி. 1987-ல இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் நடுவுல ஓட ஆரம்பிச்ச முதல் கவாசாகி எம்ஆர்டி ரயில்கள்லயும் இந்த நறுக்குற வேலைதான் நடந்துச்சு, அதுக்குப் பேரே சாப்பர்.

ரயில் திடீர்னு நின்னுடுச்சா, பத்துல ஒம்பது தடவை அழுக்குதான். நம்ம ஊர் ஈரக்காத்துல தண்டவாளத்து மேல ஒரு மெல்லிசு படலம் படியும், சக்கரம் அதுல ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத பொறி பறந்து கரி பிடிக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைச்ச பஞ்சுக்குச்சியால ஒரு சுத்து துடைச்சா குச்சி மை மாதிரி கறுத்துடும், அது முழுக்க மகளோட வேலை, ஜன்னலைத் திறந்து வச்சுட்டுத்தான். நிஜ ரயில் இந்த மாதிரி தூசியைக் கண்டுக்கவே கண்டுக்காது, ஏன்னா கனம். நீளம் 150 பங்கு சுருங்குனா கனம் 150 பங்கு இல்ல, 150-ஐ மூணு தடவை பெருக்குன பங்கு சுருங்கும், 33 லட்சத்துக்கும் மேல. 30 டன் பெட்டியை அப்படியே சுருக்குனா கிட்டத்தட்ட 9 கிராம், ரெண்டு டீஸ்பூன் சர்க்கரை. இவ்வளவு லேசான பொருள் தண்டவாளத்தை அழுத்தவும் அழுத்தாது, கரண்ட் போனதும் ஓடுன வேகத்துல கொஞ்சம் உருளவும் உருளாது. போதாததுக்கு மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிறது வார்ம் கியரு, திருகாணி மாதிரி, மோட்டார் சக்கரத்தைச் சுத்தும், சக்கரம் மோட்டாரைச் சுத்த முடியாது. அதனால எஞ்சின் பெட்டியைக் கையால தள்ளாதீங்க, பல்லு போயிடும். (எங்க வீட்டுல தள்ளுனது குழந்தை இல்ல, நான்.) நல்ல மாடல்ல மோட்டார் தண்டுலயே ஒரு பித்தளை உருளை இருக்கும், ஃப்ளைவீலு, கரண்ட் அரை நொடி விட்டுப்போனாலும் அது சுத்தி இழுத்துட்டுப் போயிடும்.

இப்ப எங்க வீட்டுப் பெரிய கலவரத்துக்கு வரேன். ஒரு சனிக்கிழமை நான் பசியாறிட்டு வர்றதுக்குள்ள மக தனியாவே ஒரு பாதை போட்டுட்டா. ஒரு நேர் கோடு, முனையில பாதை ரெண்டா பிரியுற ஒரு பாயிண்ட், அதுலேர்ந்து கிளம்பி ஒரு வளையம் சுத்தி அதே பாயிண்ட்டுக்கே திரும்பி வரும், லாலிபாப் மாதிரி. ரயில் போய் சுத்திட்டு அதே வழியா திரும்பி வந்துடும், ரிவர்ஸே வேண்டாம், எவ்வளவு அருமையான யோசனை! லிவரைத் தொட்டதும் கன்ட்ரோலர்ல சிவப்பு லைட். ரயிலை எடுத்துட்டுப் போட்டாலும் சிவப்பு. துடைச்சாச்சு, ஒவ்வொரு துண்டா அமுக்கியாச்சு, நானும் கன்ட்ரோலர் போச்சுன்னே நினைச்சு, எண்பது தொண்ணூறு வெள்ளி போச்சேன்னு மனசுக்குள்ள கணக்குப் போட ஆரம்பிச்சுட்டேன்.

கண்டுபிடிச்சது அவதான். பேப்பர்ல பாதையை வரைஞ்சு, இடது தண்டவாளத்துக்குச் சிவப்பு கிரேயான், வலதுக்கு நீலம்னு கலர் அடிச்சுக்கிட்டே போனா. நேர் கோட்டுல சரி, பாயிண்ட்டைத் தாண்டி வளையத்துலயும் சரி, வளையம் சுத்தி மறுபடி பாயிண்ட்டுக்கு வந்து சேரும்போது சிவப்பு போய் நீலத்து மேல முட்டுது. வேற எங்க மாத்தி வரைஞ்சாலும் முட்டுது. அதான் விஷயம், ஒரு பாதை தன் மேலேயே திரும்பி வந்தா இடது கை வலது கையைப் பிடிச்சுக்கும், பிளஸ்ஸும் மைனஸும் நேரடியா ஒட்டும், ஷார்ட் சர்க்யூட். கன்ட்ரோலர் கெட்டுப்போகல, சமர்த்தா தன்னைக் காப்பாத்திக்கிச்சு.

தீர்வு இருக்கு. வளையத்தோட ரெண்டு முனையிலயும் உலோக இணைப்பை எடுத்துட்டு பிளாஸ்டிக் இணைப்பைப் போட்டு, வளையத்தை மின்சாரத்துல தனித் தீவாக்கிடணும், அதுக்குத் தனி ஒயரு, தனி சுவிட்ச். ரயில் முழுசா வளையத்துக்குள்ள போனதும் நிறுத்தி, வெளியில இருக்கிற நேர் பாதையோட பிளஸ் மைனஸை மாத்திவிட்டா வெளியேறும்போது சிவப்பு சிவப்போட சேரும். தீவு ரயிலைவிட நீளமா இருக்கணும், இல்லன்னா ஒரே நேரத்துல தலை ஒரு பக்கம் வால் ஒரு பக்கம் பாலம் போட்டுடும். எங்க நாலு பெட்டி 54 சென்டிமீட்டர், இடம் தாராளம். டிசிசின்னு டிஜிட்டல் முறை ஒண்ணு இருக்கு, அதுல எப்பவும் முழு வோல்ட், கட்டளை அந்தக் கரண்ட்லயே குறியீடா கலந்து போகும், ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளயும் இருக்கிற டிகோடர் தன் நம்பரைக் கேட்டாத்தான் அசையும், ஒரே பாதையில ரெண்டு எஞ்சினைத் தனித்தனியா ஓட்டலாம். ஆனா அதுலயும் லாலிபாப் ஷார்ட் ஆகும், ரெண்டு ஒயரு ரெண்டு ஒயருதானே. மார்க்லின்னு ஒரு ஜெர்மன் கம்பெனியோட எச்ஓ ரயில்ல ஆகாது, அவங்க ரெண்டு தண்டவாளத்தையும் ஒரே முனையாக்கி நடுவுல வரிசையா புள்ளி வச்சு இன்னொரு முனையைக் கொடுக்கிறாங்க, இடது வலது மாறுனாலும் கவலை இல்ல. என்னைக் கேட்டா குழந்தையோட ஆரம்பிக்கிறவங்க சாதா டிசியிலயே ஆரம்பிங்க, டிகோடர் தன் வேலையை மூடி வச்சுக்கும், டிசியில தப்பு எல்லாம் கண்ணு முன்னாடி நடக்கும்.

ஷார்ட் சர்க்யூட்னா கெட்டதுன்னு அவ முடிவு கட்டுனதாலதான் அடுத்த வாரம் இதைச் செஞ்சு காட்டுனேன். நீங்களும் செய்யலாம். கன்ட்ரோலரைக் கழட்டிடுங்க, எஞ்சினையும் எடுத்துடுங்க. ஒரு 9 வோல்ட் பேட்டரி, 470 ஓம் ரெசிஸ்டர் (கரண்டை அளவாக்கி விடுறது) ஒண்ணு, அது வழியா தண்டவாளத்தோட ஒரு முனையில கரண்ட் கொடுங்க. மறுமுனையில ரெண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு எல்இடி. எரியும். இப்ப நடுவுல எங்க வேணா ஒரு 10 காசு நாணயத்தை ரெண்டு தண்டவாளத்துலயும் படுற மாதிரி வைங்க. அணைஞ்சிடும். கரண்டுக்கு நாணயத்து வழி சுலபம், அது எல்இடி வரைக்கும் போறதே இல்ல. நாணயத்துக்குப் பதிலா நிஜ ரயிலோட எஃகு அச்சை நினைச்சுக்குங்க, எல்இடிக்குப் பதிலா ஒரு ரிலே, அதாவது கரண்ட் வர்ற வரைக்கும் பிடிச்சு நிக்கிற சுவிட்ச். ரயில் அந்தத் துண்டுக்குள்ள வந்ததும் ரிலே விழும், பின்னாடி வர்ற ரயிலுக்கு சிவப்பு. இதுக்குப் பேரு டிராக் சர்க்யூட், வில்லியம் ராபின்சன்னு ஒரு அமெரிக்கர் 1872-ல பேடன்ட் வாங்குனது, உலகம் பூரா ரயில்வேயில இன்னமும் ஓடிக்கிட்டிருக்கு. நம்ம வடக்கு தெற்குத் தடத்துல இப்ப ரயிலே தன் இடத்தை ரேடியோவுல சொல்ற சிபிடிசி முறை வந்துடுச்சு.

மக நாணயத்தை வச்சா, எடுத்தா, வச்சா, எடுத்தா. அப்புறம் நாணயத்தைக் கையில வச்சுக்கிட்டே பேட்டரி ஒயரைப் பிடுங்குனா. எல்இடி அணைஞ்சது.

"அப்பா, ரயிலே வரல, ஒயருதான் போச்சு. இப்பவும் ரயில் இருக்குன்னு நினைச்சுக்குமா?"

"நினைச்சுக்கும்."

"தண்டவாளம் உடைஞ்சா?"

ஒரு துண்டைக் கழட்டிக் காட்டுனேன். எரியல.

"அப்ப எது தப்பானாலும் சிவப்புதான்," அப்படின்னுட்டு, நாணயத்தை எடுத்து உண்டியல்ல போட்டுட்டா. என்னோட 10 காசு.