'அனைத்து அமெரிக்கர்' என்று ஓர் ஆள் இருக்க முடியுமா?

நியூ ஜெர்சியில் இருக்கும் என் பெரியப்பா பேரன் பள்ளி நீச்சலில் 'ஆல்-அமெரிக்கன்' பட்டியலில், அதாவது நாடு முழுக்கப் பார்த்து அந்த ஆண்டின் சிறந்தவர்கள் என்று பொறுக்கி எடுக்கும் கௌரவப் பட்டியலில், வந்துவிட்டான். நல்ல சேதிதான். அந்த ஊர்த் தமிழ்ச் சங்கம் ஒன்று தன் மலரில் பையன் படத்தைப் போட்டு, கீழே 'முழு அமெரிக்கர் ஆனார்' என்று அச்சடித்துவிட்டது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் பார்த்த பெரியம்மா எனக்குப் போன் போட்டார். "ஏன்டா, அவன் பொறந்ததே அந்த ஊர்லதானே? இத்தனை நாளும் அரை அமெரிக்கனாவா இருந்தான்?"

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். ஆனால் அடுத்த வாரமே அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதும் ஆட்டம்) பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ் வசன வரியோடு பார்க்க உட்கார்ந்தேன். "இவர் மூன்று முறை அனைத்து அமெரிக்கர்" என்று ஓடியது. ஓர் ஆள் எப்படி அனைத்து அமெரிக்கராகவும் இருப்பார், அதுவும் மூன்று முறை? விசுவரூபம் எடுத்த கண்ணனைப் பற்றித்தான் அப்படிச் சொல்லலாம். அதே படத்தில் 'கார்டு' இடத்தில் ஆடியவர் காவலாளி ஆகியிருந்தார், 'எண்ட்' இடத்தில் ஆடியவர் "முடிவு" ஆகியிருந்தார். "ஸ்டாக் ஒரு நல்ல முடிவு." படத்தை அங்கேயே நிறுத்திவிட்டேன்.

சரி, சொல்லுக்கு வருவோம். அடிப்படைக் கதை சின்னதுதான். 'ஆல்' என்ற முன்னொட்டை ஒரு நாட்டின் பெயரோடு சேர்ப்பது ஆங்கிலேயர்களின் கிரிக்கெட் பழக்கம். 1846இல் நாட்டிங்ஹாம்காரரான வில்லியம் கிளார்க், ஊர் ஊராகப் போய் ஆட நல்ல ஆட்டக்காரர்களைச் சேர்த்து 'ஆல்-இங்கிலாந்து லெவன்' என்று பெயர் வைத்தார். ஒரே ஊர், ஒரே மாவட்டம் என்றில்லாமல் நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சரி, நல்ல ஆட்டக்காரனாகப் பார்த்து எடுத்த பதினொரு பேர் என்பதுதான் அதன் பொருள். அமெரிக்காவில் பேஸ்பால்காரர்கள் இந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1888இல் ஆல்பர்ட் ஸ்பால்டிங் தன் சிகாகோ அணியையும், அதோடு மோத 'ஆல்-அமெரிக்கா' என்று பெயரிட்ட இன்னொரு அணியையும் கூட்டிக்கொண்டு உலகம் சுற்றக் கிளம்பினார். அந்த இரண்டு அணிகளும் 1889 ஜனவரியில் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போயின. ஆக, ஃபுட்பால்காரர்கள் இந்தப் பெயரை எடுக்கும் முன்பே அது நம் பக்கத்துக்கு வந்து போய்விட்டது. அன்று யாராவது அதைத் தமிழில் எழுதி வைத்திருந்தால் எனக்கு இந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

ஃபுட்பாலில் முதல் பட்டியல் வந்ததும் அதே 1889இல்தான். காஸ்பர் விட்னி என்ற பத்திரிகையாளர் அதை ஒரு விளையாட்டு வார இதழில் வெளியிட்டார். அந்த ஆட்டத்துக்கு விதி வகுத்தவர்களில் பெரிய பெயரான யேல் பல்கலைக்கழகத்து வால்டர் கேம்புக்கும் அதில் பங்கு உண்டு. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சண்டை பிற்பாடு வந்தது. மக்கள் மனத்தில் நின்றது கேம்ப் பெயர்தான். 1898 முதல் 1924 வரை காலியர்ஸ் இதழில் அவர் போட்ட பட்டியல்தான் அதிகாரபூர்வம் என்று ஊரே நம்பியது. 1925இல் அவர் இறந்த பிறகு விளையாட்டு எழுத்தாளர் கிராண்ட்லண்ட் ரைஸ் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

அந்த முதல் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள், என் வாதமே அதில்தான் இருக்கிறது. பதினொரு பேர். பிரின்ஸ்டனிலிருந்து ஐந்து, யேலிலிருந்து மூன்று, ஹார்வர்டிலிருந்து மூன்று. அவ்வளவுதான், வேறு கல்லூரியே கிடையாது. பிரின்ஸ்டன் ஆட்களில் ஒருவர் எட்கர் ஆலன் போ. கவிஞர் இல்லை, கவிஞரின் உறவுக்காரர், அதே பெயர். யேல் மூவரில் ஒருவர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக், நம் "முடிவு" அவர்தான். இன்னொருவர் 'பட்ஜ்' ஹெஃபல்ஃபிங்கர், 1889, 1890, 1891 என்று தொடர்ந்து மூன்று ஆண்டு பட்டியலில் இருந்தவர். 1892 நவம்பரில் அலகெனி அத்லெட்டிக் அசோசியேஷன் என்ற விளையாட்டுக் கழகம் ஒரே ஓர் ஆட்டத்துக்கு இவருக்கு 500 டாலர் கொடுத்தது. அமெரிக்க ஃபுட்பாலில் கூலி வாங்கி ஆடியதாகக் கணக்கில் தெரியும் முதல் ஆள் இவர்தான்.

பெயர் 'ஆல்-அமெரிக்கா', ஆள் மூன்றே கல்லூரி! மேற்கே ஆடுகிறவர்களைப் போய்ப் பார்க்க ரயில்தான் வழி, பார்க்கிறவர்கள் கிழக்குக் கரைக்காரர்கள். மேற்கிலிருந்து கேம்பின் முதல் அணிக்குள் (தரவாரியாக இரண்டாம், மூன்றாம் அணிகளும் போடுவார்) ஓர் ஆள் நுழைய 1898 ஆயிற்று. சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிளாரன்ஸ் ஹெர்ஷ்பெர்கர். அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் யார் என்கிறீர்கள்? அதே ஸ்டாக்.

இப்போது 'அனைத்து' என்ற சொல்லை இதன் தலையில் வைத்துப் பாருங்கள். தமிழில் 'அனைத்து' என்றால் ஒன்றுவிடாமல் எல்லாம். 'அனைத்து மாவட்டங்களிலும் மழை' என்றால் ஒரு மாவட்டம்கூட மிச்சமில்லை. ஆங்கில 'ஆல்' இந்த இடத்தில் தலை எண்ணவில்லை. எந்தப் பரப்பில் வலை வீசினார்கள் என்பதைத்தான் சொல்கிறது, வலையில் சிக்கிய மீன் பதினொன்றுதான். மொழிபெயர்ப்பவர்கள் வலையையும் மீனையும் குழப்பிக்கொண்டு கடலையே கரைக்குத் தூக்கிவந்துவிடுகிறார்கள்.

"அப்படியானால் அனைத்திந்திய என்று சொல்கிறோமே, அது மட்டும் எப்படிச் சரி?" என்று ஒரு நண்பர் மடக்கினார். நல்ல கேள்வி. 1972இல் தொடங்கிய அண்ணா தி.மு.க. 1976இல் 'அனைத்திந்திய' என்று தன் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொண்டது, யாருக்கும் காதில் உறுத்தவில்லை. ஏனென்றால் அது அமைப்பின் எல்லையைச் சொல்கிறது. இரண்டு சொல்லும் புணர்ந்து ஒரே அடைமொழியாகிவிடுகிறது, பின்னால் 'கழகம்' என்று ஒரு பெயர் வந்து தாங்கிக்கொள்கிறது. ஆனால் அந்தக் கட்சியின் தொண்டர் ஒருவரை 'அனைத்து இந்தியர்' என்று யாராவது அழைப்பார்களா? 'அனைத்தமெரிக்க அணி' என்று சேர்த்து எழுதினால்கூட நான் முக்கால்வாசி சமாதானமாகிவிடுவேன். இவர்கள் புணர்ச்சியைப் பிரித்து, அணியைத் தூக்கி எறிந்து, 'அமெரிக்க' என்பதை 'அமெரிக்கர்' ஆக்கி, கடைசியில் ஒரு தனி மனிதர் தோளில் முப்பது கோடிப் பேரை ஏற்றிவிடுகிறார்கள். ஆங்கிலத்திலேயே இதற்கு இரண்டு வடிவம் இருப்பதைக் கவனிக்க வேண்டும்: அணிக்கு 'ஆல்-அமெரிக்கா', அதில் இடம் பெற்ற ஆளுக்கு 'ஆல்-அமெரிக்கன்'. அந்த ஆள் அமெரிக்கரா இல்லையா என்பது பேச்சே கிடையாது.

இது வெறும் இலக்கணத் தகராறு என்று நினைத்தால் ஜிம் தோர்ப்பைப் பாருங்கள். சாக் அண்ட் ஃபாக்ஸ் பழங்குடியைச் சேர்ந்தவர், பென்சில்வேனியாவில் கார்லைல் இந்தியப் பள்ளிக்காக ('இந்திய' என்று அவர்கள் சொன்னது அமெரிக்கப் பழங்குடிகளை) ஆடி 1911, 1912 இரண்டு ஆண்டும் கேம்பின் முதல் அணியில் வந்தவர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கியவர். அமெரிக்காவில் பிறந்த பழங்குடி மக்கள் எல்லாருக்கும் குடியுரிமை என்று சட்டம் வந்ததே 1924இல்தான். மண்ணின் மக்களையே குடிமக்களாகக் கணக்கில் எடுக்காத காலத்தில் ஆடிய ஒருவரை 'முழு அமெரிக்கர்' என்று எழுதினால் அது மொழிபெயர்ப்பா, குத்தலா? அதேபோல 1892, 1893 பட்டியல்களில் வந்த ஹார்வர்டின் வில்லியம் ஹென்றி லூயிஸ். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோரின் பிள்ளை, இந்தப் பட்டியலில் ஏறிய முதல் கறுப்பர், 1911இல் நாட்டின் உதவி அட்டர்னி ஜெனரல் வரை போனவர். அப்புறம் ரட்கர்ஸின் பால் ரோப்சன், பாடகராக நமக்குத் தெரிந்தவர். 1918இல் கேம்பின் முதல் அணியில் இருந்தார். பின்னாளில் அவருடைய அரசியல் பிடிக்காமல் அந்தப் பழைய பட்டியலிலிருந்தே அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கல்லூரி ஃபுட்பாலின் புகழ்மன்றத்தில் அவரைச் சேர்க்க 1995 ஆயிற்று. இவர்களுக்கெல்லாம் பொதுவாக இருந்தது, யாரோ பார்த்து 'இவன்தான் அந்த இடத்துக்கு இந்த ஆண்டின் சிறந்த ஆள்' என்று பொறுக்கி எடுத்தது ஒன்றுதான். தமிழ்ச் சொல்லில் முதலில் அது தெரிய வேண்டும்.

'அகில அமெரிக்க' என்று எழுதுகிறவர்களும் உண்டு. அகிலம் வடசொல் என்பதற்காக மட்டும் நான் அதைத் தள்ளவில்லை (அதற்காகவும்தான், மறைக்கவில்லை). அகில இந்திய வானொலி நாடு முழுக்கக் கேட்டது, பெயர் பொருந்தியது. இங்கே அகிலம் மூன்று கல்லூரி. 'தேசிய அணி' என்பது இன்னும் மோசம். தேசிய அணி என்றால் சீருடை போட்டு வேறு நாட்டோடு ஆட வேண்டும். இந்தப் பதினொரு பேர் ஒன்றாகச் சேர்ந்து ஓர் ஆட்டமும் ஆடுவதில்லை. காகிதத்தில் மட்டுமே இருக்கும் அணி அது. 'கனவு அணி' பரவாயில்லை, ஆனால் அது ரசிகன் டீக்கடையில் போடும் பட்டியலுக்கும் பொருந்தும், கௌரவம் என்ற கனம் அதில் இல்லை. தூய தமிழில் ஆர்வமுள்ள இன்னொரு நண்பர் 'பொறுக்கணி' என்று சொல்லிப் பார்த்தார். பொருள் சரிதான், பொறுக்கி எடுத்த அணி. ஆனால் அதில் உள்ள வீரரை என்னவென்று அழைப்பது என்று கேட்டதும் அவரே வாயை மூடிக்கொண்டார்.

என் சொல் 'தெரிவணி'. இலங்கைத் தமிழர்கள் 'தெரிவு' என்பதை அன்றாடம் புழங்குகிறார்கள்: தெரிவுக்குழு, தெரிவானார். நாம் 'தேர்வு' என்று சொல்லிச் சொல்லி அதைப் பரீட்சைக்குக் கொடுத்துவிட்டோம். 'தேர்வணி' என்றால் ஏதோ நீட் எழுதப் போகும் கூட்டம் போலக் கேட்கிறது. 'தெரி' என்றால் ஆராய்ந்து எடு. ஆளை ஆராய்ந்து எடுப்பதைப் பற்றிய அதிகாரத்துக்கு வள்ளுவரில் 'தெரிந்து தெளிதல்' என்றுதான் பெயர். 'அணி' என்பதற்கும் கூட்டம், வரிசை என்பதோடு நகை என்ற பொருளும் உண்டு, ஆடாத அணிக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. பரப்பைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் 'நாடு தழுவிய தெரிவணி' என்று எழுதலாம். நாடு தழுவிய வேலைநிறுத்தம் என்று பத்திரிகைகள் பழக்கிவைத்த தொடர்தான். 1889 பட்டியலுக்கு மட்டும் அந்த 'நாடு தழுவிய'வைப் போட எனக்குக் கை வராது. ஆளைச் சொல்ல 'தெரிவணி வீரர்'. "ஹெஃபல்ஃபிங்கர் மூன்று முறை தெரிவணி வீரர்." வாயில் தடுக்குகிறதா? எனக்குத் தடுக்கவில்லை.

இன்னொரு கண்ணி இருக்கிறது. கேம்பைப் பார்த்து ஆளாளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்ததும், எது உண்மையானது என்ற குழப்பம் வந்தது. அதனால் இப்போது அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ஐந்து அமைப்புகளின் பட்டியல்களைக் கணக்கில் எடுத்து, பலவற்றில் இடம் பிடித்தவரை 'கன்சென்சஸ்' என்றும், ஐந்திலும் வந்தவரை 'யுனானிமஸ்' என்றும் பிரிக்கிறது. நம் ஆட்கள் முதலாவதை 'ஒருமித்த' என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் ஒருமித்த என்றால் எல்லாருக்கும் ஒரே மனம், அதாவது இரண்டாவது. பிறகு இரண்டாவதற்குச் சொல் தேடி 'ஏகமனதான' என்று போய், இரண்டும் ஒன்றாகி, படிக்கிறவன் தலையைச் சொறிகிறான். 'பெரும்பான்மைத் தெரிவு', 'ஒருமனத் தெரிவு' என்றால் முடிந்தது விஷயம். அகராதியில் ஆங்கிலச் சொல்லுக்கு நேரே முதலில் என்ன இருக்கிறதோ அதை எடுத்து ஒட்டாமல், அந்த ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று அரை மணி நேரம் படித்தால் போதும். அந்த அரை மணிக்குக் காசு கொடுக்க யாரும் தயாரில்லை என்பதும் எனக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவரை மட்டும் திட்டி என்ன பயன், இப்போதெல்லாம் பாதி இடத்தில் அங்கே ஆளே இல்லை, இயந்திரம்தான்.

இதையெல்லாம் சுருக்கி நியூ ஜெர்சித் தமிழ்ச் சங்கத்துக்கு நான் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையாக நன்றி சொல்லிப் பதில் போட்டார்கள், அடுத்த மலரில் திருத்தமும் வந்தது: "'முழு அமெரிக்கர்' என்பதை 'அகில அமெரிக்கர்' என வாசிக்கவும்." பெரியம்மா மறுபடி போன் போட்டார்.