பினாயில் வாடை அடித்தால் தரை சுத்தமா?

இந்த மாதத்தில் இது நான்காவது. ஒரு வயது வெள்ளை ஸ்பிட்ஸ் நாய். முன்னங்கால் விரல் இடுக்குகளை நக்கி நக்கி, அங்கிருந்த முடியெல்லாம் துருப்பிடித்த நிறத்துக்கு வந்திருந்தது. இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது என்று தூக்கி வந்தார்கள். வாயைத் திறந்து பார்த்தேன். நாக்கின் ஓரம் முழுக்கத் தோல் உரிந்து செக்கச்செவேலென்று கிடந்தது. "சிக்கன் ஒத்துக்கலைன்னு நிறுத்திட்டோம் டாக்டர். ஒரு மாசமா தயிர் சாதம்தான்" என்றார் அந்த அம்மா. பாதத்தை என் மூக்கருகே கொண்டுபோனேன். பினாயில் வாடை.

"நாய் வளர்க்கிற வீடு நாறுதுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு ரெண்டு வேளையும் பினாயில் போட்டுத்தான் துடைக்கிறோம்."

அவருக்கு இருந்த அக்கறையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நாய் வெறுங்காலோடு அந்த ஈரத்தில் நடக்கிறது, படுக்கிறது, பிறகு காலை நக்குகிறது. மாப் பக்கெட்டில் ஊற்றியது அத்தனையும் கொஞ்சம் கொஞ்சமாக வாய்க்குள் போகிறது. கறுப்பு பினாயிலில் இருப்பது நிலக்கரித் தாரிலிருந்து வரும் பீனால் வகைச் சரக்கு. அது தோலையும் வாயையும் புண்ணாக்கும். அளவு கூடினால் ஈரல் வரை போகும். வீட்டில் பூனையும் இருந்தால் இன்னும் மோசம். பீனாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு.

"கிருமி சாகணுமே டாக்டர்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. சரி, இன்னொரு முறை சொல்கிறேன். குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ வைரஸைக் கொல்லப் பினாயிலை நம்ப முடியாது. பார்வோவில் ஒரு குட்டியைப் பறிகொடுத்துவிட்டு, வீடு முழுக்கப் பினாயில் ஊற்றிக் கழுவி, அடுத்த வாரமே இன்னொரு குட்டி வாங்கி வந்து அதையும் என் மேஜையில் கிடத்தியவர்கள் உண்டு. பார்வோ வந்த வீட்டில் முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அப்புறம் 1 பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் 10 நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் காயவிட வேண்டும். மற்ற நாட்களில் உங்கள் கூடத்துக்குக் கிருமிநாசினியே தேவையில்லை.

நாற்றமும் பினாயிலால் போவதில்லை. மூத்திரம் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமெண்டுக்குள் இறங்கிவிடுகிறது. மேலே வேறொரு வாசனையைப் பூசினால் நம் மூக்கு ஏமாறும், நாயின் மூக்கு ஏமாறாது. அதனால்தான் திரும்பத் திரும்ப அதே மூலைக்குப் போகிறது. அடித்துத் திருத்த முடியாது, அடிக்கவும் செய்யாதீர்கள். பழைய செய்தித்தாளால் ஒற்றி எடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். அதன்பின் செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனரைத் தெளித்து, பாட்டிலில் போட்டிருக்கும் நேரம் வரை விட்டுவிட்டுத் துடையுங்கள்.

கறை போகவில்லை என்று பாத்ரூம் ஆசிட்டை எடுக்காதீர்கள். மார்பிள், மோசைக், கடப்பா கல் மூன்றிலும் சுண்ணாம்பு இருக்கிறது. ஆசிட் பட்டால் நுரைத்து, பாலிஷ் போய்ச் சொரசொரப்பாகிவிடும். அடுத்த முறை மூத்திரம் இன்னும் ஆழமாக இறங்கும். வினிகரும் எலுமிச்சையும்கூட அந்தக் கற்களுக்கு ஆகாது. மூத்திரத்தின் மேல் ப்ளீச் ஊற்றினால் தொண்டையைக் கமறவைக்கும் நச்சு வாயு வரும். ப்ளீச்சையும் ஆசிட்டையும் சேர்ப்பது அதைவிட ஆபத்து.

தரையில் கீறல் விழுகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் நகத்தைப் பாருங்கள். நடக்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் நகம் நீண்டுவிட்டது. நீண்ட நகத்தால் பாதம் தரையில் சரியாகப் பதியாமல் வழுக்கவும் செய்யும். வழவழப்பான டைல்ஸில் கால் பரப்பிக்கொண்டு விழும் லாப்ரடார் குட்டியைப் பார்த்துச் சிரித்து வீடியோ எடுக்காதீர்கள், அதன் இடுப்பு மூட்டு வளர்கிற வயது அது. ஓடும் வழியில் அடியில் ரப்பர் வைத்த மிதியடிகளை வரிசையாகப் போடுங்கள், போதும்.

பினாயிலை நக்கிவிட்டது தெரிந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காதீர்கள். உள்ளே புண்ணாக்கியது மேலே வரும்போது தொண்டையை மறுபடி புண்ணாக்கும். ஈரத்துணியால் வாயைத் துடைத்து, பாதங்களைச் சோப்புப் போட்டுக் கழுவி, அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் ஒரு மூடி என்பீர்கள். வீடு துடைக்க வரும் அக்கா, பளிச்சென்று இருக்கட்டும் என்று நாலு மூடி ஊற்றுவார். அவர்மேல் தப்பில்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்றைக்கே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள், அந்த பாட்டிலையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள்.