செடியை விடுங்கள், ஃப்ளஷ் டேங்கைத் திறந்து பாருங்கள்

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. அந்த நாள்களில்தான் புறநகரில் 24 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பிலிருந்து என்னை அழைத்தார்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, கார் கழுவக் கூடாது என்று படிக்கட்டருகே அறிவிப்பு ஒட்டியிருந்தது. வாசல் செம்பருத்தி சுள்ளியாகிவிட்டது. ஆனால் லாரித் தண்ணீர்ச் செலவு மட்டும் குறையவில்லை. யாரோ திருட்டுத்தனமாகத் துணி துவைக்கிறார்கள் என்பது சங்கச் செயலாளரின் சந்தேகம்.

இருபது ஆண்டுகளாகக் குழாய் வேலை பார்க்கிறேன். இப்படி யார் அழைத்தாலும் முதலில் செய்வது ஒன்றுதான்: இரவு மோட்டாரை நிறுத்தி, மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்வேன், விடிவதற்குள் மறுபடி பார்ப்பேன். ஊரே தூங்கும் நேரத்தில் மட்டம் இறங்கினால் துணி துவைப்பவரைத் தேட வேண்டியதில்லை.

அங்கே நன்றாகவே இறங்கியிருந்தது. வீடு வீடாகப் பார்த்ததில் ஐந்து ஃப்ளஷ் டேங்குகள் ஒழுகின. மிக மோசமானது, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, பூட்டிக் கிடந்த வீட்டில். சாவி செயலாளர் வீட்டு ஆணியிலேயே தொங்கியது! அளந்தேன்: 10 நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளொன்றுக்கு 288 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒன்றை ஆளில்லாத கழிப்பறை ஆறு வாரத்தில் குடித்துவிடும்.

சொட்டும் குழாய் சத்தம் போட்டு நம்மை எழுப்பும். ஃப்ளஷ் டேங்க் ஒழுகினால் நீர் பீங்கான் சுவரோடு ஒட்டி வழியும். காதுக்கும் கண்ணுக்கும் அகப்படாது. ஒரு சிட்டிகை கேசரிப் பவுடரை டேங்கில் கரைத்துவிட்டு அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இருங்கள். கழிப்பறைக் கோப்பையில் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அடி வாஷர் போயிருக்கும். நீர்மட்டம் ஓவர்ஃப்ளோ குழாயின் வாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் மிதவையைச் சற்று இறக்கினாலே போதும். எவ்வளவு போகிறது என்று அறிய, டேங்குக்கு நீர் வரும் குழாயில் உள்ள ஆங்கிள் வால்வை மூடி, மட்டத்தில் பென்சில் கோடு போட்டு, 10 நிமிடம் கழித்து அந்தக் கோடுவரை அளந்து ஊற்றிப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது கேஸை மூடுகிறோமே, இந்த வால்வையும் மூடலாம்.

பெங்களூரில் 2024 மார்ச்சில், குடிநீரில் வாகனம் கழுவவும் தோட்டத்துக்குப் பாய்ச்சவும் குடிநீர் வாரியம் தடை விதித்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். வேண்டிய தடைதான். ஆனால் அது தெருவில் நின்று பார்த்தால் தெரிகிற தண்ணீரைத்தான் பிடிக்கும். வணிக இடங்களின் குழாய்களில் ஏரேட்டர் (நீரோடு காற்றைக் கலந்து, கொட்டும் அளவைக் குறைக்கும் முனை) பொருத்த வேண்டும் என்றும் அப்போது உத்தரவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அதுதான்.

செடிகளைப் பட்டினி போட வேண்டியதில்லை. அரிசி களைந்த நீரை வெயில் தாழ்ந்தபின் வேரடியில் ஊற்றி, மண்ணைத் தேங்காய் மட்டையால் மூடிவைத்தால் ஈரம் நிற்கும். ஆர்ஓ இயந்திரம் கழிக்கும் நீரில் உப்பு அதிகம். அதைத் தொட்டிச் செடிக்கு ஊற்றாமல் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து வாஷர்களையும் மாற்றியபின், அறிவிப்பில் செடி பற்றிய வரியைச் செயலாளர் பேனாவால் அடித்தார். கார் பற்றியதை விட்டுவைத்தார். செம்பருத்தி பிழைக்கவில்லை.