புளோவர் நின்றால் புழுதி உள்ளே வரும்

ஆவணியில் கிளிநொச்சிப் பக்கம் புழுதி உழவு நடக்கும் வயலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம். முதலில் கண்ணில் படுவது ரக்ரர் அல்ல, அதன் பின்னால் எழும்பும் புழுதிதான். வன்னியில் ஓடும் ரக்ரர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கபின் இல்லை. சாரதி முகத்தில் துவாயைக் கட்டிக்கொண்டு உழுகிறார். என் மச்சானிடம் கபின் உள்ள மெசின் ஒன்று இருக்கிறது. போன காலபோகத்துக்கு உழுதுகொண்டிருந்தபோது, கபினுக்குள் காற்றைத் தள்ளும் அதன் புளோவர் நின்றுவிட்டது. கதவு, கண்ணாடி எல்லாம் இறுக்கிப் பூட்டியிருந்தும் அரை மணித்தியாலத்தில் ஸ்ரியறிங்கில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு மண்.

பூட்டிய கபினுக்குள் புழுதி எப்படி வந்தது? பெடல் இறங்கும் இடம், வயர் புகும் ஓட்டை, காய்ந்த கதவு றப்பர் என்று கபினில் எப்போதும் இடுக்குகள் இருக்கும். புளோவர் வெளிக்காற்றைப் பில்ற்றர் ஊடாக இழுத்து உள்ளே தள்ளும்போது கபினின் அமுக்கம் வெளியைவிடச் சற்றே கூடுகிறது. அதனால் எல்லா இடுக்குகளிலும் காற்று வெளியே பாய்கிறது, புழுதி உள்ளே நுழைய வழியில்லை. புளோவர் நின்றால் அந்தக் காவல் போய்விடும். ஒன்று மட்டும் கவனம்: சாதாரணக் காகித பில்ற்றர் புழுதியைப் பிடிக்கும், மருந்து அடிக்கும்போது வரும் ஆவியைப் பிடிக்காது. கபினை நம்பி முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

புளோவருக்குள் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ற் நேரோட்ட மோட்டர். காந்தங்களின் நடுவே ஒரு சுருள், அதற்கு மின்சாரம் கொடுக்கும் காபன் பிறஸ்கள். சுருள் சுற்றும்போது அதுவே பற்றரியை எதிர்க்கும் ஒரு வோல்ற்றளவை உண்டாக்குகிறது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் பின் மின்னியக்க விசை என்று படித்தோம். சுருளின் தடை 0.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓடும்போது 7 வோல்ற் எதிர்த்து நின்றால் மிச்சம் 5 வோல்ற், ஓட்டம் 10 அம்பியர். அச்சு இறுகி நின்றுபோனால் எதிர்ப்பே இல்லை. 12 வோல்ற்றும் சுருளில் விழ, 24 அம்பியர் பாயும். சூடு ஓட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் 50 வாற்று 288 வாற்று ஆகிவிடும்.

மச்சானின் மோட்டர் செத்த கதை இதுதான். புழுதி புகுந்து, அச்சைத் தாங்கும் புஸ் காய்ந்தது. அச்சு இறுக, வேகம் குறைந்தது, ஓட்டம் ஏறியது. கழற்றிப் பார்த்தால் பிளக் பழுப்பாகி, அதன் உலோக முள் ஒன்று உருகிய பிளாஸ்ரிக்கோடு ஒட்டியிருந்தது. அதே பிளக்கில் புது மோட்டரைச் செருகியிருந்தால் அந்தத் தளர்ந்த முள் திரும்பவும் சூடேறியிருக்கும். வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போட்டோம்.

பில்ற்றர் அடைத்தால் மோட்டருக்குப் பாரம் கூடி எரியும் என்று பலர் சொல்வார்கள். அது அப்படியல்ல. வக்கியூம் கிளீனரின் குழாயைக் கையால் பொத்திப் பாருங்கள், சத்தம் கீச்சென்று உயரும். தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் வேலை குறைந்து, மோட்டர் வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் மோட்டரைக் குளிர்விப்பதும் அதே காற்றுத்தான், கபினின் அமுக்கத்தைத் தாங்குவதும் அதுதான். ஆகவே பில்ற்றரைத் தட்டித் துப்பரவாக்கத்தான் வேண்டும்.

மோட்டரைக் கழற்ற முன் சுவிற்சைப் போட்டு, பிளக்கில் 12 வோல்ற் வருகிறதா என்று மீற்றர் பிடியுங்கள். கூடிய வேகத்தில் மட்டும் ஓடுகிறதென்றால் குற்றம் பெரும்பாலும் மோட்டரில் இல்லை, வேகம் குறைக்கும் தடைச்சுருள் அறுந்திருக்கும். பிறகு பற்றரியின் மறை முனையைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். பல ரக்ரர்களில் மோட்டரின் இரு பக்கமும் அச்சு நீண்டு, பக்கத்துக்கொரு காற்றுச் சக்கரம் இருக்கும். அவற்றின் இதழ்கள் ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பம் போல வளைந்தவை, ஆகவே இடம் வலம் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

எல்லாம் பூட்டி ஓடவிட்டோம். மச்சான் கையை நீட்டிப் பார்த்தான்.

"என்னடா, புது மோட்டர் இப்பிடி மெல்லமா ஊதுது?"

புதுப் பிளக் போட்டபோது இரண்டு வயரும் இடம் மாறி, மோட்டர் மறுபக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. சாதாரண விசிறி என்றால் காற்றே திசை மாறியிருக்கும், உடனே பிடிபட்டிருக்கும். இந்தச் சக்கரமோ எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை நடுவில் இழுத்து வெளிப்புறமாகத்தான் எறியும். அதனால் காற்று வழமையான வாசலாலேயே வந்தது. இதழ்களின் வளைவு மாறிப்போனதால் பலம்தான் இல்லை.

வயரை மாற்றிச் செருகினோம். முன்தட்டில் கிடந்த உரக்கடை பில் பறந்து பின் கண்ணாடியில் போய் ஒட்டியது.